போதுமா என்று கேட்டவன்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு எழுதுகிற சமாச்சாரம் இல்லை. அதுவும் நடுராத்திரியில் சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை. பட்டப்பகலில், திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி, டிரெய்லர் வண்டிகள் அலறிக்கொண்டு போகிற நேரத்தில் நடந்தது. அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. சைலன்சர் குழாய் அழுத்திய கோடு. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. நம்ப விருப்பமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

என் பெயர் மாயா. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர் வேலை. காலியாக வந்து இறங்கும் பெட்டிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள், கும்மிருட்டில், தனியாக. வருஷக்கணக்கில் செய்கிறேன். அதனால் ‘பொம்பளைதானே, எதையோ பார்த்து மிரண்டிருப்பாள்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கார் பைத்தியம். என்னிடம் இருப்பது ஜெர்மன் கம்பெனியின் சின்ன டர்போ கார். செகண்ட் ஹாண்டில் வாங்கியதுதான், ஆனால் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு குறை. டயருக்கும் மேலே இருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவ்வளவு நல்ல காருக்குக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி. அதற்கென்றே வண்டியை இறக்கும் ஸ்பிரிங் விற்கிறார்கள். கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இதைப் போட்டால் வண்டி தாழ்ந்து உட்காரும், வளைவில் சாயாது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி, சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு ஸ்பிரிங் வரவழைத்தேன்.

என் வீட்டுக்காரர் நீலமேகம், முகத்துவாரக்குப்பத்துக்காரர், போட்டில் போகிறவர். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாமே இது? நம்ம ரோட்ல படகு ஓட்டினாலே அடி தட்டும். நீ காரை எறக்கப் போறியா? அத்தினி ஸ்பீடு பிரேக்கரையும் நக்கிக்கினு போ.”

“நீ உன் போட்டைப் பாரு” என்றேன்.

தௌசீஃப் என்று ஒரு மெக்கானிக். நல்ல வேலைக்காரன். புதிதாக ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். முன்பக்கம் ஷட்டர், பின்பக்கம் சுவர், ஜன்னல் கிடையாது. ரோட்டைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கரை, அதற்கு அந்தப் பக்கம் கடல். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். இந்த வேலையை அவன் அந்த ஷெட்டில் செய்வது அதுதான் முதல் தடவை. சர்வீஸ், பிரேக், கிளட்ச் என்றுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

வலது பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். பாதுகாப்புக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டும் கொடுத்தான். சக்கரத்தைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை எடுத்து, சிவப்பை உள்ளே உட்கார வைத்தான். அதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாவை விட மாட்டான்.

கை கழுவிக்கொண்டே சொன்னான். “அக்கா, நீ எதிர்ல கெங்கம்மா கடையில டீ குடிச்சிக்கினு இரு. நான் தோ வந்துட்டேன்.”

“என் வண்டியை விட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன். நீ போய்ட்டு வா.”

“சரி. நாய்ங்க வரும், ஷட்டரை முக்காவாசி எறக்கிட்டுப் போறேன். அடியில மட்டும் போவாதே. நான் வந்து சக்கரம் மாட்டின அப்பால பாத்துக்கலாம்.”

ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனான். ஷெட்டுக்குள் அரை இருட்டு. கீழே மட்டும் பளீரென்று ஒரு பட்டை வெயில்.

‘போவாதே’ என்று சொன்னானே, அங்கேதான் காரியம் கெட்டது. என்னிடம் யாராவது போகாதே, தொடாதே என்றால் எனக்குக் கை பரபரக்கும். ஸ்பிரிங்கின் கீழ் முனை ரப்பர் வட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. சரியாக உட்காராவிட்டால் ஓட்டும்போது டொக் டொக் என்று சத்தம் வரும். ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. பின் பம்பர் பக்கமாக மல்லாக்கப் படுத்து, தலையை உள்ளே விட்டு நகர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே.

வலது கையில் மொபைல் டார்ச். இடது கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ரப்பரைக் குத்திப் பார்க்க.

ரப்பர் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. நல்ல வேலைக்காரன் என்று சொன்னேனே.

வெளியே வரலாம் என்று நினைத்தபோது கடல் வாசனை அடித்தது.

அந்த ரோட்டில் கடல் வாசனை எப்போதும் இருக்கும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இது வேறு. ஈரமான, பாசி பிடித்த, கல் இடுக்கில் கிடக்கும் தண்ணீர் வாசனை. மூக்குக்குப் பக்கத்தில்.

தலையை இடது பக்கம் திருப்பினேன். சக்கரம் இல்லாத இடைவெளி வழியாகத் தரை தெரிந்தது.

அங்கே இரண்டு கால்கள் நின்றிருந்தன.

ஷட்டர் சத்தம் கேட்கவில்லை. முழங்கால் உயரத்தில் நிற்கும் ஷட்டரைக் குனிந்து கடந்தால் யாராக இருந்தாலும் ஒரு ‘டங்’காவது வரும். நடந்து வந்த சத்தமும் இல்லை. வெறும் கால். தடித்த கால். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. கணுக்காலில் மணல். லுங்கியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

யாரோ குப்பத்து ஆள், தௌசீஃபைத் தேடி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பயமே இல்லை அப்போது. எரிச்சல்தான்.

“யாருப்பா அது? தௌசீஃப் தொழுகைக்குப் போயிருக்கான். அப்பால வா.”

கால்கள் அப்படியே நின்றன.

“உன்னைத்தான்ப்பா!”

கால்கள் ஜாக்கிப் பக்கம் நகர்ந்தன. ஜாக்கியின் நீளக் கைப்பிடி மேலே போனது, கீழே வந்தது.

சர்க்... சர்க்...

வண்டி கொஞ்சம் உயர்ந்தது. ஸ்டாண்டின் தலைக்கும் வண்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“ஏய்! ஏய்! கை வைக்காதே! நான் அடியில கீறேன்!”

ஒரு கை இறங்கி வந்தது. தோல் தடித்த, தீய்ந்த தழும்பு விழுந்த கை. ஸ்டாண்டின் காலைப் பிடித்து இழுத்தது. சிமென்ட் தரையில் கிர்ர்ர்ர் என்று அது உராய்ந்துகொண்டே போன சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் இருக்கிறது.

இப்போது வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது ஜாக்கி மட்டும்தான்.

குதிகாலை ஊன்றி உடம்பை வெளியே தள்ளப் பார்த்தேன். அதற்குள் ஜாக்கியின் கைப்பிடி திரும்பியது. எண்ணெய் இறங்கும் சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

வண்டி இறங்கியது. பின் அச்சு என் இடுப்பெலும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. மேலே தூக்கியிருந்த இரண்டு கைகளும் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. அவற்றின் மேல் சைலன்சர் குழாய். மொபைல் வழுக்கிக் கவிழ்ந்தது. டார்ச் அணைந்த மாதிரி இருட்டு.

நின்றது.

மேலேயிருந்து குரல் வந்தது. ஆண் குரல். ரொம்ப உரக்க. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“போதுமா?”

“போதும்! போதும்டா! நிறுத்து!”

அந்த நேரம் பார்த்து ஒரு டிரெய்லர் போனது. ஷட்டர் கடகடவென்று அதிர்ந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சரி, இவனுக்கும் கேட்டிருக்காது, டிரெய்லர் போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. அமைதியானது. சொட் சொட் என்று தண்ணீர் விழுவது நன்றாகக் கேட்டது.

“போதும்ணா! நான் அடியில மாட்டிக்கினேன்! தூக்கு!”

தொண்டை கிழியக் கத்தினேன். கால்கள் அசையவில்லை. கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றன.

ஸ்ஸ்ஸ்ஸ்...

குழாய் நெஞ்சை அழுத்தியது. முழுசாக மூச்சு இழுக்க முடியவில்லை. பாதிதான் வந்தது.

“போதுமா?”

அதே குரல். அதே உரப்பு. கோபம் இல்லை, கேலி இல்லை. வேலை செய்கிறவன் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கிலி பிடித்த இடம். கொல்ல வந்தவன் என்றால் கெஞ்சலாம். இவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

நானும் அதற்குத்தானே கொண்டு வந்தேன்...

“போ... தும்...”

குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

எதிரே ரோடு. ஆட்டோ போகிறது. யாரோ சிரிக்கிறார்கள். கெங்கம்மா கடையில் டம்ளர் சத்தம் கேட்கிறது. ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அந்த ஒரு சத்தம் என்னிடம் இல்லை. வெளியே கிடக்கும் காலை ஆட்டினேன். ஷட்டரைத் தாண்டி அதை யார் பார்ப்பது?

கன்டெய்னருக்குள் கதவைச் சாத்திக்கொள்வேன் என்றேனே. அது பயமே இல்லை. வெளியே ஆள் நிற்பான், தட்டினால் திறப்பான்.

தட்டினால்...

இடது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கையை அசைக்க முடியாது. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் திரும்பியது. பிடியைக் குழாயில் தட்டினேன்.

டிக்... டிக்...

எறும்பு தட்டிய மாதிரி.

ஸ்ஸ்ஸ்...

மூச்சு கால்வாசி ஆனது.

டிக்... டிக்... டிக்...

“போதுமா?”

செத்துவிடுவேன் என்று தெரிந்துபோனது. அழுகை வந்தது, அழக்கூட நெஞ்சு விரியவில்லை. நீலமேகம் கடலில் இருக்கிறார், அவருக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

டிக்...

கழுத்துக்குக் குறுக்கே ஏதோ போனது. சில்லென்று. ஏதோ கம்பி தொங்குகிறது என்று நினைத்தேன்.

அந்தக் கறுத்த நகம் வைத்த பெருவிரல் சட்டென்று உள்ளே சுருங்கியது.

சத்தம் நின்றது.

எல்லாம் நின்றது.

சர்க்...

சர்க்... சர்க்...

வண்டி மேலே போனது. குழாய் நெஞ்சை விட்டது. அப்படி ஒரு மூச்சை நான் பிறந்ததிலிருந்து இழுத்ததில்லை. குதிகாலை ஊன்றி, முதுகு தரையில் தேய, பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்தேன். எழுந்து திரும்பினேன்.

ஷெட்டில் யாரும் இல்லை.

ஸ்டாண்டு எதிர்ச் சுவரோரம் நின்றது. ஜாக்கிப் பக்கத்தில் ஒரே இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதிலிருந்து வாசலுக்குப் போகும் ஈரம் ஒரு துளிகூட இல்லை.

ஷட்டருக்கு அடியில் நான் எப்படிப் புகுந்தேன் என்று தெரியாது. முட்டி இரண்டும் கிழிந்திருந்தது. ரோட்டில் ஹாரன் அடித்தவனைப் பார்க்காமல் குறுக்கே ஓடிக் கெங்கம்மா கடை பெஞ்சில் விழுந்தேன். அந்த அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை என் முகத்தில் அடித்தார். தொழுகை முடிந்து தௌசீஃப் வந்து, பதறிப்போய், “அக்கா, இன்னாச்சு? இன்னாக்கா ஆச்சு?” என்று உலுக்கிய பிறகுதான் வாய் திறந்தது. கால், ஈர லுங்கி, போதுமா என்ற குரல், எல்லாவற்றையும் கொட்டினேன்.

தௌசீஃப் முகத்தில் ரத்தமே இல்லை. கெங்கம்மாதான் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உச்சிமாகாளிம்மே அது, அந்த ஷெட்டுல வேல செஞ்சவன்” என்றார். “கையில தீய்ஞ்ச தழும்பு இருந்துச்சா?”

இருந்தது என்று தலையாட்டினேன்.

“முன்ன அது கமான் பட்டறை. லாரிங்களுக்கு கமான் பட்டை மாத்தறது, வண்டியை ஏத்தறது, எறக்கறது, அதான் வேல.” லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளைத்தான் சொன்னார். அதுவும் ஸ்பிரிங்தான். “இவனும் செல்வம்னு ஒருத்தனும் தோஸ்துங்க. செல்வம் அடியில படுத்துக்கினு பட்டையைப் பொருத்துவான். இவன் வெளிய நின்னு கேட்டுக் கேட்டு ஜாக்கியை எறக்குவான். ஒரு வெள்ளிக்கெயமை... போதுமா போதுமான்னு கேட்டுக்கினே எறக்கிட்டான். செல்வம் போயிட்டான். இவன் நேரா எதிர்க்க கடலோரக் கல்லு மேல ஏறினான். அப்பால திரும்பி வர்ல.”

“இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?” என்றான் தௌசீஃப். அழுகிற குரல்.

“நீ கார் ரிப்பேர்தான நைனா பாக்குற. வண்டி எறக்கற வேல செய்வேன்னு எனக்கு இன்னா தெரியும்?”

எனக்கு மூச்சு திரும்பியிருந்தது. கூடவே என் திமிரும் கொஞ்சம் திரும்பியிருந்தது. “நான் தட்டினேன்” என்றேன். “கத்தினது கேக்கல. ஸ்க்ரூடிரைவரால குழாய்ல தட்டினேன், அது கேட்டுடுச்சு. அதான் நிறுத்திட்டான்.”

கெங்கம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கேட்டுச்சா? அவனுக்கா? சம்மட்டி அடிச்சு அடிச்சு அவன் காது எப்பவோ பூட்ச்சேம்மே. பக்கத்துல வெடி வெச்சாலும் திரும்ப மாட்டான். இட்லி வோணுமான்னு நானே கையாலதான் கேப்பேன்.”

“அப்போ அடியில இருக்கறவன் போதும்னு சொன்னா எப்படித் தெரியும்?”

“செல்வம் கைய நீட்டி அவன் காலைத் தட்டுவான். தட்டினா நிறுத்துவான், தூக்குவான். அன்னைக்கு செல்வம் கை மாட்டிக்கிச்சு, நீட்ட முடியல. அதான் ஆச்சு.” என் முகத்துக்கு நேரே குனிந்தார். “நீ அவன் காலைத் தொட்டியா?”

“என் ரெண்டு கையும் நெஞ்சோட மாட்டிக்கினு இருந்துச்சு.”

சொல்லும்போதே என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

கம்பி இல்லை அது. அந்தக் காரில் அந்த இடத்தில் தொங்குவதற்குக் கம்பியே கிடையாது. வலது பக்க இருட்டிலிருந்து வந்து, என் கழுத்தைத் தாண்டி, அந்தக் கால் வரைக்கும் நீண்டிருக்கிறது.

கெங்கம்மா மெதுவாகச் சொன்னார். “அப்போ செல்வம் உன் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்திருக்கான்.”

சக்கரத்தை மாட்டி, வண்டியை வெளியே இழுத்து வந்து, மீதி மூன்று ஸ்பிரிங்கையும் ரோட்டோரத்தில் வைத்துத்தான் தௌசீஃப் மாற்றினான். அந்த வாரமே ஷெட்டைக் காலி செய்துவிட்டான். கார் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அதில் குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் இப்போது சுவரோரமாகத்தான் படுக்கிறேன். வலது தோள் சுவரில் முட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.